தண்ணீர் வட்டைச் சுற்றி ஒரு வளையம்

நெருப்பெரிச்சல்
7 ஜூலை 2024

பிரியங்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியையும் சேர்க்கமாட்டேன், பாதகமானதை விட்டுவிடவும் மாட்டேன். நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். கணியூரில் உன் டேனியல் மாமாவை அழைத்தால், "அவ தோட்டத்துல இருக்கா கண்ணு" என்று எப்போதும் ஒரே பதில். அவ்வளவு நேரம் தோட்டத்தில் என்னதான் செய்கிறாய்? அதனால்தான் கடிதம். தபால் நிலையத்தில் உறை கேட்டபோது அங்கிருந்த அக்கா, "வேலைக்கு அப்ளிகேஷனா?" என்றார். "இல்லீங்க, சிநேகிதிக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

உன் வீட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். உன் அம்மா, என் விஜயா அத்தை, இறந்த பிறகும் அவர் செருப்பு வாசலில்தான் இருக்கிறது. யாரும் நகர்த்தவில்லை. உன் அப்பா மயில்சாமி மாமா டெம்போவை நிறுத்திவிட்டு வந்தால் டி.வி. போடுவதில்லை. சாயங்காலம் நான் படித்துக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப்பக்கம் அத்தை தொண்டையைச் செருமுவது கேட்கிறது. மாமாதான். எனக்குத் தெரியும். மாமா இப்போது அத்தையைப் போலவே செருமுகிறார். தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் பேனா நின்றுவிடுகிறது.

சுவரோடு சுவர் ஒட்டிய நம் லைன் வீடுகளுக்குப் பின்னால், நீ பறித்த இடத்தில், குப்பைமேனி முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. இப்போது யாரும் அதைத் தொடுவதில்லை. பூனைகள் மட்டும் வேரைத் தோண்டிக் கடிக்கின்றன.

அந்தச் செடியைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். பள்ளியில் அறிவியல் மாநாட்டுக்கு மூலிகைச் சாறுகளைச் சோதிக்கிறோம். சனிக்கிழமைகளில் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே மருதம்மாள் மேடம் பொறுப்பு. மற்றவர்கள் துளசி, வேம்பு, நொச்சி என்று எடுத்தார்கள். நான் குப்பைமேனி என்றதும் பையன்கள் "டாக்டர் குப்பை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச்சில் அத்தை பனியன் கம்பெனியில் உடைந்த தையல் ஊசியை மிதித்தார். நீ குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் போட்டாய். ஆஸ்பத்திரியில் டாக்டர், புண்ணில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன். அன்றிலிருந்து மாமா உன்னிடம் பேசவில்லை. அந்த இலைதான் ரத்தத்தில் விஷமாக ஏறியது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிற ஒருவரும் இலையைச் சோதித்ததில்லை. நான் சோதிக்கப்போகிறேன்.

வேல்விழி


கணியூர்
15 ஜூலை

வேலு,

எழுதாதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ எப்போதும் உண்மைதான் சொல்வாய். ஆறாம் வகுப்பில் நான் காப்பியடித்ததையும் சொன்னாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டு முடிப்பதற்குள், "குப்பைமேனிங்க டாக்டர், பிரியங்காதான் அரைச்சுப் போட்டா" என்றாய். வகுப்பில் கை தூக்கிப் பதில் சொல்வதுபோலச் சொன்னாய். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

தோட்டத்தில் என்ன செய்கிறேன் என்று கேட்டாயே. கை கழுவுகிறேன். பம்புசெட் தொட்டியில் கழுவிக்கொண்டே இருக்கிறேன். டேனியல் மாமா வீட்டு அத்தை கொத்தமல்லி ஆயச் சொன்னால்கூட விரலில் அந்த வாடை வந்துவிடுகிறது. கொத்தமல்லி வாடை இல்லை. அந்த வாடை.

மாமா நல்லவர்தான். ஆனால் எத்தனை நாள் வைத்திருப்பார்? "உங்கப்பன் கூப்புடலீன்னா, ஆடி முடிஞ்சதும் உடுமலைப் பக்கம் நூல் மில்லுல சேத்துடறேன் கண்ணு, ஹாஸ்டலும் அங்கயே இருக்குது" என்கிறார். பள்ளியில் பெயர் இன்னும் இருக்கிறதா? வெட்டிவிட்டார்களா?

பதில் போடாதே. அந்த இலை என்ன செய்தது என்று தெரிந்தால் மட்டும் போடு.

பிரியங்கா


நெருப்பெரிச்சல்
28 ஜூலை

பிரியங்கா, பிரியங்கா,

உன் பெயர் வருகைப் பதிவில் இருக்கிறது. தினமும் கூப்பிடுகிறார்கள், தினமும் ஒரு அமைதி.

இப்போது இலை. மெதுவாக, வரிசையாகச் சொல்கிறேன்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டினேன். வந்த சாறு கரும்பச்சையாக, தார் போல இருந்தது. மேடம் ஒரு தட்டில் அகார் என்ற கடற்பாசிக் கூழை ஊற்றி, அதன்மேல் கிருமியைத் தடவித் தந்தார். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் அதே வகைக் கிருமி. பொட்டு அளவுள்ள சின்ன வட்டுகளைச் சாற்றில் நனைத்து, காயவிட்டு, தட்டில் வைக்கவேண்டும். மறுநாள் தட்டு முழுவதும் கிருமி வளர்ந்து பால் ஏடு மாதிரி ஆகியிருக்கும். சாறு கிருமியைக் கொன்றால் வட்டைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வளையம் விழும்.

வட்டு செய்யும் வடிதாள் என் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டது. அப்பா கட்டிங் மாஸ்டராக இருப்பதில் ஒரு வசதி: வீட்டில் வெட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. வெள்ளை பனியன் துணியில் பஞ்ச் போட்டு, கொதிக்கவைத்து, ஆவியில் வைத்து எடுத்துக்கொண்டேன். தாளைவிடச் சுத்தம்.

நேற்று வைத்தோம். இன்று ஞாயிறு என்றாலும் மேடம் வரச்சொன்னார். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

வளையம் இருக்கிறது. ஒவ்வொரு வட்டைச் சுற்றியும். பௌர்ணமி நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அப்படி.

இன்னொரு சோதனையும் செய்தோம். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கரைசல். அதில் சாற்றை விட்டால் நிறம் வெளுத்து மஞ்சளாகவேண்டும். வெளுத்தால், உடம்பின் உயிரணுக்களைக் கெடுக்கும் பொருள்களை அந்தச் சாறு அடக்கக்கூடும் என்று அர்த்தம். வெளுத்தது. கண் முன்னால் வெளுத்தது.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். மாமா டெம்போவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மாமா, அந்த இலை விஷமில்லீங்க. கிருமியக் கொல்லுதுங்க" என்று போனில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "இதுல இலை எங்க சாமி?" என்றார். காட்டினேன். துடைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே இருக்க, டெம்போ படியில் உட்கார்ந்துவிட்டார்.

வேல்விழி


கணியூர்
2 ஆகஸ்ட்

வேலு,

அப்பா மாமாவுக்குப் போன் செய்தார். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் மாமா ஸ்பீக்கரில் போட்டார். "ஆடி கழியட்டும் மச்சான், வந்து கூட்டிட்டுப் போயர்றேன். மில்லுக்கெல்லாம் சொல்லிப்போடாதீங்க" என்றார். எனக்குக் கேட்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது.

உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அத்தையிடமும். பக்கத்துத் தோட்டத்து முத்தாத்தாளிடமும். அவர்தான் இங்கே முதலில், "பெத்தவளுக்கு மருந்து போடற கையா இது" என்றவர். இப்போது தன் கொப்புளத்துக்கு அந்த இலையை அரைத்துத் தரச் சொல்கிறார். நான் மாட்டேன் என்றேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அம்மா தினமும் வருவாள். தொட்டிப் பக்கத்தில் நிற்பாள். காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் பேசமாட்டாள். உன் கடிதம் வந்த அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு, போய்விட்டாளே என்று இருந்தது.

கையில் வாடை இல்லை. கொத்தமல்லி கொத்தமல்லியாகவே மணக்கிறது.

எண்ணைத் தடுத்ததை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் உன் கடிதம் பிடித்திருக்கிறது. இன்னும் ஒன்று வரட்டும்.

பிரியங்கா


நெருப்பெரிச்சல்
11 ஆகஸ்ட்

பிரியங்கா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாருக்கும் படித்துக் காட்டாதே.

சென்ற வாரம் மேடம் என் தட்டைப் பார்த்துவிட்டு, "வளையமெல்லாம் அழகா இருக்குது. தண்ணி வட்டு எங்க?" என்றார். சாறு எதுவும் இல்லாமல் வெறும் சுத்தத் தண்ணீரில் நனைத்த வட்டு ஒன்றும் தட்டில் இருக்கவேண்டும். அதைச் சுற்றி வளையம் வரக்கூடாது. வராமல் இருந்தால்தான் மற்ற வளையங்களுக்கு அர்த்தம். இடம் இல்லை என்று நான் அதை விட்டிருந்தேன். "அது இல்லாட்டி இது ஒண்ணுமே இல்ல கண்ணு, மறுபடி வை" என்றார்.

வைத்தேன். வெள்ளிக்கிழமையே வைக்கவிட்டார்கள், நேற்றுப் போய்ப் பார்த்தேன்.

தண்ணீர் வட்டைச் சுற்றியும் வளையம்.

அதில் ஒன்றுமே இல்லை, பிரியங்கா. தண்ணீர்தான். ஆனாலும் அதைச் சுற்றிக் கிருமி நெருங்கவில்லை, யாரோ அங்கே நின்று தடுப்பதுபோல. நீ எழுதியிருந்தாயே, தொட்டிப் பக்கத்தில் நிற்பாள் என்று. அது நினைவுக்கு வந்தது. ஆய்வகத்தில் அப்படி நினைக்கக்கூடாது. நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து வெட்டுத் துணிப் பையைக் கவிழ்த்தேன். அடியில் சட்டைகளில் தொங்கவிடும் அட்டைகள் சில கிடந்தன. ஓடுகிறவர்களுக்கான டீ-சர்ட், வியர்வை நாற்றம் பிடிக்காது, கிருமியைத் தடுக்கும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, அந்த ஆர்டருக்கு ஃபினிஷிங்ல என்னமோ மருந்து ஏத்துனாங்க. ஏன், உனக்கும் வேர்வை நாத்தமா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கிருமியைக் கொன்றது துணி. இலை இல்லை. வேறு ஊர்ப் பெண் எவளும் இப்படித் தவறு செய்திருக்கமாட்டாள், திருப்பூர்க்காரி நான் செய்துவிட்டேன். நிறம் வெளுத்த சோதனை மட்டும் நிற்கிறது. அது கண்ணாடிக் குழாயில் நடந்தது, துணிக்கு அங்கே வேலை இல்லை.

வடிதாள் வந்துவிட்டது. மறுபடி வைக்கப்போகிறேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் என்னைப் பார்த்து, "ஆவணி பொறந்ததும் கணியூர் போறேன் சாமி" என்றார். நான் தலையாட்டினேன். அதுவே பொய்யா என்று தெரியவில்லை.

வேல்விழி


கணியூர்
16 ஆகஸ்ட்

வேல்விழி,

உன் கடிதத்தைத் தொட்டியில் போட்டேன். பிறகு எடுத்துக் காயவைத்தேன். மை கரைந்துவிட்டது, ஆனால் எல்லாம் மனப்பாடம்.

அம்மா திரும்ப வந்துவிட்டாள். இப்போது தொட்டிப் பக்கம் இல்லை. நான் படுக்கும் அறை வாசலில்.

சொல்லாதே என்று மூன்று முறை எழுதி அடித்தேன். அப்பா என்னைக் கூட்டிப்போகட்டும், பிறகு சொல் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். உனக்குப் பொய்யாகத் தலையாட்டத் தெரியாது. ஆட்டினால் காய்ச்சல் வந்துவிடும். எனக்கும் வேண்டாம். வீட்டுக்கு வந்து, அப்பா சாப்பாடு கேட்கும்போதெல்லாம், அந்தத் துணி காட்டிய பொய் வளையத்தை நம்பித்தான் என்னைக் கூட்டிவந்தார் என்று நினைத்துக்கொண்டு எப்படிப் பரிமாறுவேன்?

ஆனால் சொன்னால் முழுதாகச் சொல். ஆஸ்பத்திரியில் நீ பாதிதான் சொன்னாய். நம் வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. கால் வீங்கியதும் அவளே கேட்டாள்: "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாமுங்களா?" அப்பா, "ஷிப்மென்ட் போகட்டும் விஜயா, இப்ப லீவு கேட்டா சூப்பர்வைசர் குதிப்பான்" என்றார். அதன் பிறகுதான் அம்மா என்னிடம், "அந்த எலையவாச்சும் அரைச்சுப் போடு கண்ணு" என்றாள். உனக்குக் கேட்டதா இல்லையா? டாக்டர் கேட்டது இலையை மட்டும்தான். அதனால் நீ இலையை மட்டும் சொன்னாய்.

இன்னும் இரண்டு. நீ சாறு எடுத்துச் சோதிக்கிறாய். நான் எத்தனாலில் ஊறவைக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் அலசி, அம்மியில் மஞ்சளோடு அரைத்து, பச்சையாக வைத்தேன். அப்படியே செய்து பார். என்ன வந்தாலும் எழுது.

பிறகு, அந்தத் துணி. அம்மா காலில் கட்டியிருந்ததும் அவளும் உன் அப்பாவும் வேலை செய்த கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளை வெட்டுத் துணிதான். உங்கள் அப்பா பையிலிருந்து வந்ததே, அதே ஆர்டர். அம்மாதான் செக்கிங். அட்டை மாட்டியதும் அவள்தான்.

ஆடி இன்றோடு முடிகிறது.

பிரியங்கா


நெருப்பெரிச்சல்
25 ஆகஸ்ட்

பிரியங்கா,

கேட்டது. சுவர் மெல்லிசுதான். அன்று நான் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது. டாக்டர் கேட்காததால் சொல்லவில்லை என்று இவ்வளவு நாள் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்றுத் தட்டுகளை வைத்துவிட்டு வந்து, கணியூர் கிளம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்த மாமாவிடம், "நாளைக்கு என்கூட லேபுக்கு வர்றீங்களா மாமா? உங்க கண்ணாலயே பாருங்க" என்றேன். டெம்போவிலேயே கூட்டிப்போனார். வழியெல்லாம் செருமிக்கொண்டே வந்தார்.

தட்டுகளில் இருந்ததை இருந்தபடி எழுதுகிறேன்.

குப்பைமேனிச் சாற்றில் நனைத்த வடிதாள்: வளையம் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஒரு மெல்லிய கோடு. மேடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இருக்குதுன்னும் எழுத முடியாது, இல்லைன்னும் எழுத முடியாது" என்றார். தண்ணீரில் நனைத்த தாள்: ஒன்றுமில்லை. வெறும் துணி வட்டு: பெரிய, தெளிவான வளையம்.

உன் முறையில் அரைத்த பச்சை இலை: அதைச் சுற்றிக் கிருமி வளர்ந்திருக்கிறது. நாம் தடவியது மட்டுமில்லை, மஞ்சளாகவும் வெள்ளையாகவும் வேறு சிலவும். இலையோடும் அம்மியோடும் வந்தவை. இதை எழுதாமல் விட நினைத்தேன். எழுதிவிட்டேன். மேடம் அதைப் பார்த்ததும் வேறொரு தட்டை எடுத்துக் காட்டினார். நேற்று என்னைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, அதில் என் விரலை அழுத்தச் சொன்னார். என் ஐந்து விரல் பட்ட இடத்திலும் கிருமி வளர்ந்திருந்தது. என் கை அச்சு அப்படியே புள்ளி புள்ளியாக. பார்க்கவே பயமாக இருந்தது. "மண்ணுல முளைச்ச எது வெச்சாலும், யார் கை வெச்சாலும் இப்படித்தான் கண்ணு" என்றார்.

மாமா எல்லாவற்றையும் கேட்டார். துணி வட்டு இருந்த தட்டிடம் வந்ததும் நின்றார். "இது நம்ம கம்பெனித் துணியாச்சே" என்றார்.

"ஆமாங்க மாமா. நான் முன்னால காட்டுன வளையம் இலையோடது இல்லீங்க, இந்தத் துணியோடது. நான் தப்புப் பண்ணிட்டேன்."

"இது கிருமியக் கொல்லுமா?"

"தட்டுல கொல்லுதுங்க."

"இதையதான அவ கால்ல சுத்தியிருந்தா." தட்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மேடம் திறக்கக்கூடாது என்று கையை நீட்டினார். அவர் திறக்கவில்லை. "கடைசி வரைக்கும் இதேதான் சுத்தியிருந்தா. அப்ப ஏன் காப்பாத்துல?"

மேடம் மெதுவாக, "ஊசி ஆழமா போயிருக்கும், உள்ள போனத மேல கட்டுன துணி என்ன பண்ணும்? சர்க்கரை வேற. தட்டுல நடக்கறது வேறங்க, கால்ல நடக்கறது வேறங்க. இத வெச்சு இலை கொன்னுச்சுன்னும் சொல்ல முடியாது, துணி காப்பாத்தும்னும் சொல்ல முடியாது. அன்னைக்கே ஊசி போட்டு மருந்து குடுத்திருந்தா பொழைச்சிருப்பாங்களோ என்னமோ" என்றார். அத்தை ஊசி மிதித்ததையும் சர்க்கரையையும் மட்டும் நேற்று மேடத்திடம் சொல்லியிருந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போகாத கதை அவருக்குத் தெரியாது. அவர் பொதுவாகத்தான் சொன்னார்.

மாமா முகத்தை நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "மாமா, அத்தை ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டது எங்க ஊட்டுக்குக் கேட்டுச்சுங்க. நீங்க சொன்னதும் கேட்டுச்சுங்க. நான் டாக்டர்கிட்ட இலைய மட்டும் சொல்லிப்போட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். "ஆமா சாமி" என்றார். அவ்வளவுதான். சத்தமே இல்லாமல் சொன்னார். அதைச் சொன்ன குரல் இத்தனை மாதமும் செருமிக்கொண்டிருந்த குரல் இல்லை. அவருடைய சொந்தக் குரல்.

வேலை முடிந்த தட்டுகளை அப்படியே குப்பையில் போடக்கூடாது. பெரிய குக்கர் போன்ற பாத்திரத்தில் ஆவியில் வைத்துக் கிருமியைக் கொன்ற பிறகுதான் எறியவேண்டும். எல்லாத் தட்டையும் மாமாதான் எடுத்துக் கொடுத்தார். மூடி போட்டதும், "நீங்க கிளம்புங்க, நேரமாகும்" என்று மேடம் சொன்னார். "பரவால்லீங்க, இருக்கறேன்" என்று பக்கத்திலேயே நின்றார். ஆவி இறங்கும்வரை கைகட்டி நின்றார். அத்தையை அடக்கம் செய்த அன்று அவர் இடுகாட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு உள்ளே வரவில்லை, நினைவிருக்கிறதா? இன்று கடைசிவரை நின்றார். பிறகு குழாயில் கை, கால், முகம் கழுவினார்.

"பிரியங்கா இந்நேரம் என்ன பண்ணீட்டிருப்பா?" என்று கேட்டார். உன் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "தோட்டத்துல இருப்பாளுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? தன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். எண்ணை அழுத்திவிட்டு, காதில் வைக்காமல், கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காதில் வைத்தார்.

கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. ஒரு இடத்தில் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் உன்னிடம் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன். அது உனக்குத் தெரியும்.

அவர் இன்னும் வராந்தாவில்தான் இருக்கிறார். நான் இதை ஆய்வக மேசையிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். மேடம் சாவியோடு காத்திருந்தார், இப்போது விளக்குகளை அணைத்துவிட்டார்.

வேல்விழி